கைதட்டல் ஓய்ந்த பின் ஒரு கணக்கு

2022 டிசம்பர் 27-ஆம் தேதி, சீன தேசத்திலிருந்து மறுபடியும் வரத் தொடங்கிய கொரோனாச் செய்திகளால் கலக்கமுற்று, நாடு முழுவதும் மருத்துவமனைகளில் ஓர் ஒத்திகை நடத்தினார்கள். படுக்கைகள் எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, வென்டிலேட்டர்கள் ஓடுகின்றனவா, வேலைக்கு எத்தனை பேர் என்றெல்லாம் எண்ணிப் படிவத்தில் எழுதிக்கொண்டார்கள். நான்கே நாட்கள் கழித்து, டிசம்பர் 31-ஆம் தேதியோடு, கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட 2,300-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி முடிந்துவிட்டது. இனி நீட்டிப்பு இல்லை என்று ஆணை வந்துவிட்டது.

அரசுத் தரப்பில் இதற்குக் காரணம் சொல்லப்படாமல் இல்லை. அவசரத்தில் செய்த அந்த நியமனங்களில் இட ஒதுக்கீட்டு விதிகள் முறைப்படி பின்பற்றப்படவில்லை என்றும், மாவட்டச் சுகாதாரச் சங்கங்களின் வாயிலாக மாற்றுப் பணி தரப்படும் என்றும் அப்போது கூறினார்கள். தேர்வு எழுதித்தானே வந்தோம் என்று செவிலியர்கள் வீதியில் உட்கார்ந்து பதில் கேட்டார்கள். சட்ட நியாயம் எந்தப் பக்கம் என்பது நீதிமன்றத்தின் வேலை. நான் பேச விரும்புவது எந்தக் கோப்பிலும் ஏறாத ஒரு செலவைப் பற்றி: அந்தக் கொரோனா மூன்றாண்டுகளில் நம் மருத்துவமனைச் செவிலியர்களின் மனம் பட்ட பாட்டைப் பற்றி.

அந்தப் பாட்டை மனோதிடக் குறைவு என்று எண்ணி, ஒரு யோகாசன வகுப்பும் ஒரு வாழ்த்துப் பத்திரமும் ஒரு ரோஜாப்பூவும் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று கருதும் வழக்கம் நம் நிர்வாகங்களில் பரவியிருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இது நோயை விட்டுவிட்டு நிழலுக்கு வைத்தியம் செய்வதாகும். செவிலியின் ஆயாசம் பெரும்பாலும் வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் டியூட்டி அட்டவணையில்தான் உற்பத்தியாகிறது; மருந்தும் அங்கேதான் இருக்கிறது.

முதுகில் எழுதிய பெயர்கள்

2021 மே மாதத்தில், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சென்னையில் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ் வண்டிகள் நோயாளிகளை உள்ளே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வரிசை நின்ற அந்த நாட்களில், நானும் ஒரு கொரோனா வார்டில் பதினோரு நாள் கிடந்தேன். என்னைக் கவனித்தவர்களின் முகத்தை இன்றுவரை நான் கண்டதில்லை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, இரட்டைக் கையுறை, முகக்கவசம், அதன்மேல் கண்ணாடித் திரை. ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதற்காக முதுகில் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதியிருப்பார்கள். ஆகையால் அவர்கள் நம்மை விட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பிப் போகும்போதுதான் அவர்கள் பெயர் நமக்குத் தெரியவரும்.

அந்த அங்கியை ஒரு முறை போட்டால் டியூட்டி முடியும் வரை கழற்ற முடியாது. கழற்றினால் அது வீண்; வேறொன்று வேண்டும். அதனால் வேலைக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மாதவிலக்கு நாட்களில் உள்ள அவதியை ஆண்களாகிய நாம் ஊகித்தாலே போதும். சித்திரை வெயிலில், குளிர்சாதனத்தையும் தொற்றுக்குப் பயந்து நிறுத்தியிருந்த வார்டில், வியர்வை உள்ளங்காலில் தேங்கும் என்று ஒரு சிஸ்டர் சொன்னார். மூச்சுக் காற்றினால் மங்கிப்போன கண்ணாடி வழியாக, இரண்டு கையுறைகளை மாட்டிய விரலால், நீர் வற்றிய ஒரு கிழவரின் கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றும் காரியத்தை எண்ணிப் பாருங்கள். முதல் குத்து தவறினால் நோயாளி திட்டுவார். நானும் ஒருநாள் முணுமுணுத்தேன். இன்று எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வார்டில் நாற்பது கட்டில்கள். இரவில் இரண்டு செவிலியர்கள். இருவரில் மூத்தவர், நான் தேறிவந்த பிறகு, விடியற்காலை நாலு மணி வாக்கில் சற்று நின்று பேசுவார். என்னிடமிருந்து மூன்றாவது கட்டிலில் இருந்தவர் இறந்து, உடலைச் சுற்றிக் கட்டி முடித்தபின், தலையணையடியில் அவருடைய கைபேசி அடித்ததாம். திரையில் மகளின் பெயர். மரணத்தை மருத்துவர்தான் முறைப்படி தெரிவிக்க வேண்டும். அவரோ மேல்மாடியில் வேறொரு நோயாளியிடம். "ஃபோனை எடுக்கவும் முடியல சார், நிறுத்தவும் கை வரல. அதுவா அடங்குற வரைக்கும் நின்னேன். அதுக்குள்ள பதினெட்டாம் கட்டில்ல சாச்சுரேஷன் இறங்கிட்டுது" என்றார். அவர் அழவில்லை. அட்டவணையில் இருக்கும் ஒரு வேலையைச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

உடல் உழைப்பின் களைப்பு ஒன்று. இது வேறு ஜாதியைச் சேர்ந்தது. இன்ன நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தால் மூச்சு சீராகும் என்று தெரியும். இன்னாருக்கு அரை மணிக்கொரு முறை நாடி பார்க்க வேண்டும் என்று தெரியும். பயின்ற கல்வியெல்லாம் உள்ளே நின்று இடித்துச் சொல்லும். ஆனால் செய்வதற்குக் கை இல்லை. செய்யத் தெரிந்தும் செய்ய இயலாத அந்த நிலையில் இரவுக்கு இரவு நிற்பவர்களின் மனத்தில், நானே அவரைச் சாகவிட்டேனோ என்கிற பொய்யான குற்ற உணர்ச்சி மெல்ல மெல்ல உண்மை போல உறைந்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் 'பர்ன்அவுட்' என்பதற்கு இலக்கணம் வகுத்தபோது, அதை ஒரு நோய் என்றே சொல்லவில்லை; தொழிலிடத்தில் நெடுநாள் தேங்கிய அழுத்தம் சரிவரக் கையாளப்படாததால் விளைவது என்றது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: வற்றிப்போன களைப்பு; வேலையின்மீது ஒட்டாமையும் கசப்பும்; நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். அழாமல் கதை சொன்ன அந்தச் சிஸ்டரிடம் இந்த மூன்றும் இருந்தன என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. காரணம் தொழிலிடத்தில் என்று அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்க, நாம் பரிகாரத்தை மட்டும் அவர் மனத்துக்குள் தேடுகிறோம்.

வார்டின் கணிதம்

பெரிய போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர், இதற்கு மேல் விடுப்பில் போவோருக்கு மாற்றாக நூற்றுக்கு முப்பது பேர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் அளவு வகுத்திருக்கிறது. நம் வார்டுகளில் ஒரு முறை நடந்து வந்தவர்களுக்கு இது புராணத்தில் வரும் பொன்னுலகத்தைப் பற்றிய வருணனை போல இருக்கும். கொள்ளை நோய்க் காலத்தில் மட்டுமன்று. சாதாரண நாட்களிலேயே அப்படித்தான்.

அளவு மீறினால் என்ன நேரும் என்பதையும் உலகம் கணக்கிட்டுப் பார்த்துவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை பெற்றவர் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலி மனம் கருகிப்போகும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்கின்றன. ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இருபது பேருக்கு ஒருவர் ஆகும்போது இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் 2004 முதல் இந்த விகிதம் சட்டமாகவே அமலில் இருக்கிறது. பொது வார்டில் ஐந்துக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் இரண்டுக்கு ஒருவர் என்பது அதன் சாரம்.

ஆகவே செவிலியின் களைப்பு உங்கள் தாயாருக்கு ஆறு மணிக்குப் போட வேண்டிய ஊசி ஏழரைக்குப் போடப்படுவதிலும், இரவில் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறி நிற்பதிலும், ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளின் கேஸ் ஷீட் மாறிப்போவதிலும் வந்து முடிகிறது. நாம் வார்டு வாசலில் நின்று சத்தம் போடுகிறோம். போட வேண்டிய இடம் அதுவன்று.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் இருநூறாவது பிறந்த ஆண்டு என்பதற்காகவே 2020-ஆம் ஆண்டைச் செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. கொரோனா அந்த விழாவைத் தன் முறையில் கொண்டாடிற்று. அம்மையாரை நாம் கையில் விளக்கோடு மட்டுமே நினைவுகூர்கிறோம். அவர் பெரிய புள்ளியியல் நிபுணர். கிரிமியா யுத்தத்தில் வீரர்கள் புண்ணால் இறந்ததைக் காட்டிலும் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்ததே அதிகம் என்பதை, மறுக்க முடியாத வண்ண வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முகத்தின் முன் நீட்டியவர். அவர் இன்று நம் வார்டுக்குள் வந்தால் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, முதலில் டியூட்டி புத்தகத்தைத்தான் கேட்பார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயிர்

இரவின் சுமை போதாதென்று, நாளை வேலை இருக்குமா என்ற விசாரமும் சேர்ந்துகொண்டால் மனிதர் என்ன ஆவார்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015 முதல் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். 2017 நவம்பரில் சென்னைத் தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் அவர்கள் கூடிப் போராடியது பலருக்கு நினைவிருக்கும். பின்னர் அந்த ஊதியம் 14,000 ஆயிற்று. கொரோனாவுக்காகச் சேர்க்கப்பட்டவர்களுக்கும் இதே 14,000-தான். அதிலும் பணி தவணை முறையில் நீட்டிக்கப்படுவது. ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகூடச் செவிலிக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைந்த குழு 2016-இலேயே பரிந்துரைத்திருக்க, அரசாங்கமே அதற்குக் கீழே நின்றது.

தனியார் மருத்துவமனைகளைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறேன். அந்தப் பரிந்துரையைப் பார்த்தும் பாராதவர்களே அநேகம்.

ஒப்பந்தத்தில் இருப்பவர் கவச உடை கிழிந்திருக்கிறது என்று சொல்லத் தயங்குவார். தொடர்ந்து நான்காவது இரவு போடும்போது மறுக்க மாட்டார். தமக்குக் காய்ச்சல் என்பதைக்கூட மாத்திரை போட்டு மறைப்பார், அடுத்த நீட்டிப்புப் பட்டியலில் தம் பெயர் விடுபட்டுப் போகுமோ என்ற பயத்தினால். தொற்று நோய் வார்டில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலை செய்யும் ஒருவரால் விளையும் ஆபத்து அவருக்கு மட்டுமா?

நல்லவை நடக்காமலும் இல்லை. 2021 மே மாதத்தில், புதிய அரசு பொறுப்பேற்ற சில நாட்களுக்குள், ஒப்பந்தச் செவிலியர்களில் 1,212 பேரின் பணி நிரந்தரமாக்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதப் பணிக்காகச் செவிலியர்களுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. மனமுவந்து பாராட்டத்தக்க காரியங்கள். ஆனால் ஊக்கத்தொகை என்பது தீபாவளி இனாம் போல வந்து போவது. ஸ்திரமான வேலை தூக்கத்தைத் தருவது.

வீட்டு வாசல் வரை

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாமெல்லாரும் மாடியில் நின்று கை தட்டினோம். தட்டும் கரண்டியும் கொண்டு ஓசை எழுப்பினோம். மே 3-ஆம் தேதி ஆகாயத்திலிருந்து மருத்துவமனைகளின்மீது பூத் தூவினார்கள். இடைப்பட்ட ஏப்ரலில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் புதைக்க விடாமல் கல்லெறிந்து விரட்டிய சம்பவமும் நடந்தது. அதே மாதத்தில் 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஐந்தாண்டு வரையிலும், கொடுங்காயம் விளைத்தால் ஏழாண்டு வரையிலும் சிறை என்று அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது.

கல்லெறிதல் செய்தியாகும். வீட்டுக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், ஷேர் ஆட்டோவில் சீருடையைக் கண்டு பக்கத்து இருக்கைக்காரர் இறங்கிக்கொண்டதும், கடைக்காரர் சில்லறையைக் கையில் தராமல் தட்டில் போட்டதும் செய்தியாவதில்லை. பால்குடி மறவாத குழந்தையைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் வீடியோவில் மட்டும் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். தொடக்கத்தில் வார்டு வேலைக்குப் பின் சில நாள் விடுதியில் தனித்திருக்க ஏற்பாடு இருந்தது. அலை ஏற ஏற அது சுருங்கிற்று. அந்தத் தனிமை நாட்களைப் பணிநாளாகக் கருத வேண்டும் என்பதற்காக மருத்துவர் ஒருவர் 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது.

நர்ஸ் என்பதற்குச் செவிலி என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். சங்கப் பாடல்களில் வரும் செவிலித்தாய், தான் பெறாத மகள் காதலனோடு போய்விட்டாள் என்று அறிந்து, பாலை வழியில் எதிர்ப்படுவோரையெல்லாம் விசாரித்துக்கொண்டு நடப்பவள். கால் தளர்ந்து நடக்கும் அவளை, நீ உண்டாயா என்று யாரும் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

அலை போனாலும் ஈரம் போகாது

கொரோனா அடங்கிவிட்டது, இனி இவற்றைக் கிளறுவானேன் என்பவர்களுக்கு டொரண்டோ நகரத்தின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 2003-இல் சார்ஸ் நோய் அந்த நகரத்தைத் தாக்கி, செவிலியர் இருவர் உட்பட மருத்துவப் பணியாளர்களைப் பலிகொண்டது. நோய் நின்று ஓராண்டிலிருந்து இரண்டாண்டு சென்ற பின் விசாரித்தபோது, சார்ஸ் நோயாளிகளுக்குச் சிசுருஷை செய்த மருத்துவமனைப் பணியாளர்களிடம், அந்நோயாளிகளைக் காணாத மருத்துவமனைப் பணியாளர்களைக் காட்டிலும் மனக்களைப்பு அதிகமாக இருந்தது. நோயாளிகளோடு பழகும் நேரத்தையும் வேலை நேரத்தையும் அவர்கள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சில மாதங்கள். இங்கே மூன்று ஆண்டுகள்.

அப்படியிருக்க, இங்கத்திய அனுபவம் முழுவதையும் உடம்பிலும் மனத்திலும் சுமந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை 2022 முடிவில் அனுப்பிவைத்தது, தரும நியாயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கெட்ட வியாபாரம். வென்டிலேட்டரை விலைக்கு வாங்கலாம். அதன் அலறலைக் கேட்டவுடன் எந்தக் குழாயைத் தொட வேண்டும் என்று அறிந்த கையை அவசரத்தில் வாங்க முடியாது.

இனிச் செய்யத் தக்கவை

முதலாவதாக, செவிலி–நோயாளி விகிதத்தைப் பரிந்துரை என்ற நிலையிலிருந்து சட்டம் என்ற நிலைக்கு உயர்த்த வேண்டும். ஒரே நாளில் நர்சிங் கவுன்சில் அளவை எட்ட முடியாது என்பது உண்மை. தீவிர சிகிச்சைப் பிரிவு, பிரசவ வார்டு, பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகிய மூன்றிலும் இவ்வாண்டே தொடங்கி, மற்றவற்றுக்கு ஆண்டு வாரியாகக் கெடு வைக்கலாம். ஒவ்வொரு வார்டின் வாசலிலும், இன்று இத்தனை நோயாளிகள், இத்தனை செவிலியர் என்று கரும்பலகையில் எழுதிப் போடட்டும். இதற்குக் காசு செலவில்லை. சண்டைக்கு வரும் உறவினருக்கும் யாரிடம் சண்டை போட வேண்டும் என்பது விளங்கும்.

கொரோனாக் காலச் செவிலியர்களை மாற்றுப் பணியில் சிதறவிடுவதோடு நிறுத்தாமல், அவர்களைக் கொண்டு ஒரு நிரந்தர அவசரப் படையை அமைக்கலாம். சாதாரண நாட்களில் ஆட்குறைவுள்ள மருத்துவமனைகளில் முறையான ஊதியத்தோடு பணி. ஆண்டுக்கு இரு முறை தொற்றுநோய்ப் பயிற்சி. ஆபத்து வந்தால் அழைப்பு. இட ஒதுக்கீட்டில் உள்ள சிக்கலுக்கு, முன் பணிக்காலத்துக்குச் சிறப்பு மதிப்பெண் அளித்து விதிப்படி ஒரு தேர்வு நடத்தினால் வழி பிறக்கும்.

கவச உடையில் தொடர்ச்சியாக இத்தனை மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் போடக் கூடாது, தனிமை நாட்களும் மாற்று ஓய்வும் பணிநாளே என்பவற்றை அலை வரும் முன்பே ஆணையாக வெளியிட வேண்டும். பதிவேடு எழுதுவது, கணினியில் புள்ளிவிவரம் ஏற்றுவது, சிலிண்டருக்கும் துணிக்கும் ஆள் தேடி அலைவது போன்ற வேலைகளுக்கு வார்டுக்கு ஓர் எழுத்தரை வைத்தாலே, செவிலியின் கை நோயாளியிடம் திரும்பும். வைத்தவுடன் அந்த எழுத்தரை வேறு அலுவலகத்துக்கு மாற்றாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மன ஆலோசனையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற தொலைபேசிச் சேவை நல்ல முயற்சி. எனினும் தம் மேலதிகாரியின் மருத்துவமனையிலேயே, தம்மோடு வேலை செய்யும் மனநல மருத்துவரிடமே போய் அந்தரங்கத்தைச் சொல்ல எந்தச் செவிலியும் துணிய மாட்டார். ஆகையால் மாவட்டந்தோறும் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை, பெயர் பதிவின்றி, டியூட்டி நேரத்திலேயே சந்திக்க வழி செய்ய வேண்டும். வார்டில் ஒரு மரணம் நேர்ந்தால், அந்த முறையில் இருந்தவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போக, ஹேண்டிங் ஓவர் நேரத்தில் இடம் ஒதுக்கலாம். இறந்தவரின் கைபேசி அடித்தால் யார் எடுப்பது என்பதற்கும் ஒரு விதி எழுதலாம்.

பணியில் இறந்த மருத்துவப் பணியாளரின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு 2020-இல் அறிவித்தது போன்ற திட்டங்களின் தொகையைக் கோரிப் பெறுவதற்கான காகிதங்களை, துக்கத்தில் இருக்கும் குடும்பம் அலைந்து சேர்க்கும்படி விடாமல், மருத்துவமனை நிர்வாகமே முப்பது நாட்களுக்குள் தயாரித்து அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் என்பதால் ஒரு காகிதம்கூடக் கூடுதலாகக் கேட்கக் கூடாது.

கடைசியாக, அடுத்த ஒத்திகைக்கு அச்சிடும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேர்க்க வேண்டும். இன்றிரவு இந்த வார்டில் எத்தனை செவிலியர் என்பது ஒன்று. அவர்கள் ஒவ்வொருவருக்கும் கடைசியாக வார விடுமுறை கிடைத்த தேதி எது என்பது மற்றொன்று.